கொப்பியில் குடித்த பால்

புதன்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு வாராந்த இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள். தரம் 8இல் ஒரு பிள்ளை மாத்திரையை விழுங்கிப் பத்து நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னால் போய் முதுகைத் தடவிவிட்டேன். வாந்தியில் வந்தது வெறும் தேத்தண்ணி. அதைத் தவிர வயிற்றில் ஒன்றுமே இல்லை.

இடைவேளையில் அவளுடைய சுகாதாரக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் உணவுப் பதிவு எழுதச் சொல்லியிருந்தேன், புதன் கடைசி நாள். அன்றைய காலை உணவை அவள் முதல் பாடத்திலேயே எழுதிக் காட்டிவிட்டாள். ‘பால் ஒரு குவளை, அவித்த முட்டை ஒன்று, இலைக்கஞ்சி.’ அதன் கீழே சிவப்புப் பேனாவால் ‘மிக நன்று’ என்று எழுதி, நட்சத்திரமும் போட்டிருந்தது நான்தான்.

இந்த ஆய்வு அந்த நட்சத்திரத்தைப் பற்றியது.

இடமும் வகுப்பும்

கொழும்பு வடக்கில், கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும் இடைப்பட்ட ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை. பத்து, பதினோராம் தரங்களுக்கு மனைப்பொருளியலும், எட்டாம் தரத்துக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் எடுக்கிறேன். மனைப்பொருளியல் விரும்பியவர்கள் எடுக்கும் பாடம், அங்கே பெரும்பாலும் பெண்பிள்ளைகள். சுகாதாரம் ஒன்பதாம் தரம் வரை எல்லாருக்கும் கட்டாயம். ஆகவே ஆண்பிள்ளைகளும் இருந்து சாப்பாட்டைப் பற்றிப் படிக்கிற இடம் அதுதான். வாரத்தில் சில பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

நடந்தது 2023 இரண்டாம் தவணையில். ஆண்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அடுத்த ஆண்டு ஏறுகிற வேகம் தணிந்தது, ஆனால் ஏறின விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. முட்டை ஒன்று 50 ரூபா அளவில் விற்ற காலத்தில்தான் நான் கரும்பலகையில் ‘நாளுக்கு ஒரு முட்டை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் வீடுகள் பல வகை. செட்டியார் தெரு நகைக்கடைகளோடு தொடர்புள்ள குடும்பங்கள் சில. முடுக்குக்குள் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகள் பல. மாடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களும் உண்டு. தகப்பன்மாரில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்கும் வேலை, செய்கிறவர்கள் கணிசம். மெனிங் மரக்கறிச் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனபோது அவர்களும் கூடவே போனார்கள். தாய்மார் வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ விடிய ஐந்து மணிக்கே இறங்கிவிடுவார்கள், இல்லையென்றால் மத்திய கிழக்கில் இருப்பார்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். பகலுணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவுக்கானது. எங்கள் பாடசாலையில் எட்டாம் தரத்துப் பிள்ளைக்கு அது எட்டாது.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள், இப்போது வெள்ளவத்தை வாசி. இதையும் ஆய்வில் சேர்க்கவேண்டும், ஏனென்றால் நான் உதாரணம் சொல்லும் சாப்பாடெல்லாம் என் அம்மாவின் குசினியிலிருந்து வந்தவை. குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, ஒடியல் கூழ். இந்தப் பிள்ளைகளுக்கு விடிகிறது என்றால் தெருத்தெருவாகப் பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டுச் சத்தம். நான் தேத்தண்ணி என்பதை அவர்கள் டீ என்பார்கள், ரீச்சர் என்று பழகிய என் காதுக்கு டீச்சர் என்பார்கள். சொல் மாறுவதில் ஒன்றும் இல்லை. தட்டே வேறு என்பதை நான் கவனிக்கவில்லை.

எழுதத் தெரிந்தவர்கள்

அந்த வகுப்பு பாடத்தில் மக்கு இல்லை. உணவுக் கூட்டங்கள் ஆறையும் வரிசையாகச் சொல்வார்கள். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண், அயடின் குறைந்தால் கழலை, விற்றமின் சீ குறைந்தால் முரசில் இரத்தக்கசிவு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும். கழலையை அந்த வகுப்பில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. உப்புக்கு அயடின் சேர்ப்பதை நாடு 1995இலேயே சட்டமாக்கிவிட்டது. ஆனால் வெளிறிய கண்மடலும், மூன்றாம் மாடிக்கு ஏறினால் வாங்குகிற மூச்சும் நாள்தோறும் பக்கத்து வாங்கில் இருக்கிறது. அதற்குப் பெயர் கேட்டால் ‘சோகை’ என்பார்கள். தங்களுக்கு அது இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

உணவுப் பதிவு என்ற யோசனை எனக்கு நல்லதாகத்தான் பட்டது. தான் சாப்பிடுவதைத் தானே எழுதிப் பார்த்தால் குறை தெரியும் என்று நினைத்தேன். நான் செய்த பிழை அந்தப் பதிவுக்கு முன்னால் ஒரு ‘மாதிரி’யைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது. பால், முட்டை, கீரை, மீன், பழம். அதோடு ‘கொப்பிக்குப் புள்ளி உண்டு’ என்றும் சொல்லிவைத்தேன். புள்ளி இருக்கிற இடத்தில் பிள்ளை சரியான விடையைத்தானே எழுதும்? மூன்று நாளும் கொப்பிகளில் பால் ஓடியது. ஒரு பையன் மூன்று வேளையும் மீன் சாப்பிட்டிருந்தான். பின்னேரச் சிற்றுண்டிக்கு அப்பிள் தின்றவர்கள் வேறு. அந்த விலையில் அப்பிள்!

இது நடக்க முதலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கொப்பி அழகாக இருந்தது.

வாந்தி எடுத்த பிள்ளையை நான் விசாரிக்கவில்லை. ‘ஏன் பொய் எழுதினாய்?’ என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கன்ரீனில் அவித்த கடலை இல்லை, ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதியைப் பிய்த்துத் தாளில் சுற்றினாள்.

“தம்பிக்கு டீச்சர். நாலாம் வகுப்பு.”

பெயரில்லாத துண்டுகள்

அடுத்த பாடத்தில் பழைய பதிவைப் பற்றிப் பேசவே இல்லை. சப்பாத்துப் பெட்டி ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம், புள்ளி இல்லை, நான் வாசித்துவிட்டுக் கிழித்துவிடுவேன். இன்று காலை எழும்பியதிலிருந்து இதுவரை வாய்க்குள் போனது என்ன? அவ்வளவுதான் கேள்வி.

ஒரு பிள்ளை எழுந்து, “ஒண்ணுமில்லன்னா என்ன எழுதுறது டீச்சர்?” என்று கேட்டது.

“ஒன்றுமில்லை என்று எழுது.”

“பிழை வராதா?”

அந்தக் கேள்வியிலேயே என் முந்தைய பாடத்துக்கான மதிப்பீடு இருந்தது.

துண்டுகளை ஸ்ராவ் ரூமில் வைத்துப் பிரித்தேன். அரைவாசிக்கு மேல் டீயும் பிஸ்கட்டும், அல்லது டீ மட்டும். ‘நேத்து ராத்திரி கொத்து மிச்சம்’ என்று ஒன்று. ‘கிம்புலா பணிஸ் அரைவாசி’ என்று ஒன்று, அதன் மற்றப் பாதி யாரிடம் போனது என்று எழுதவில்லை. ‘அம்மாவோட சண்டை, சாப்பிடல்ல.’ ‘சொசேஜ் 3, சொக்லேட் பால், கேக்.’ இந்தக் கடைசித் துண்டையும் ஒதுக்கமுடியாது. போசணைப் பிரச்சினை என்றதும் மெலிந்த பிள்ளையைத்தான் நினைக்கிறோம். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உயரத்தையும் நிறையையும் அளந்தால், ஒரே வகுப்பில் ஒரு நுனியில் எலும்பும் மறு நுனியில் பருமனும் நிற்கும்.

துண்டுகளில் ஒன்று மட்டும் என்னை மறுபடி மறுபடி வாசிக்கவைத்தது. ‘காலையில் ஒன்றும் இல்லை. ராத்திரிக்கு நான்தான் சமைப்பேன்.’ நான் கேட்டது காலையைப் பற்றி மட்டும். அந்தப் பிள்ளை கேட்காததையும் சொல்லியிருந்தது.

கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. துண்டைக் கிழித்துவிட்டேன், சொன்ன சொல் இருக்கிறதே.

பிள்ளையின் கையில் இருப்பது

இங்கேதான் பாடம் திசை மாறியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்தச் சாப்பாட்டைத் தானே தீர்மானிக்கிறது? வீட்டில் என்ன வாங்குவது என்பது அவள் கையில் இல்லை. காலையில் அடுப்பு எரிவதும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் பாணுக்கும் பணிசுக்கும் எதிராக நீட்டி முழக்கியபோது ஒரு தாய் எழுந்து நின்று சொன்னார்: “டீச்சர், பாண் வாங்கினா கேஸ் மிச்சம்.” 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்ற தெருக்கள் இவை. அந்த ஒரு வசனத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் முழுப் பதில் இல்லை.

சரி, மிஞ்சுவது என்ன? கையில் இருக்கும் 100 ரூபாவை இடைவேளையில் என்ன செய்வது. டீயை எப்போது குடிப்பது, எத்தனை கரண்டி சீனி. மாத்திரையை வீசுவதா விழுங்குவதா. சில பிள்ளைகளுக்கு இரவுச் சமையல். இந்த நான்கையும் பாடமாக்கினேன். மற்றதைப் புத்தகத்தில் உள்ளபடி விரைவாக முடித்தேன்.

முதலில் மாத்திரை. இரும்பு மாத்திரையை வெறுவயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும், இது தெரிந்த விஷயம். நாங்கள் கொடுத்ததோ காலை முதல் பாடத்தில், பெரும்பாலும் வெறுவயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு. அவர்கள் அதைக் கானுக்குள் வீசுகிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வோம். குமட்டியவர்கள் வீசாமல் என்ன செய்வார்கள்? அதிபரிடம் பேசி மாத்திரை நேரத்தை இடைவேளைக்குப் பின்னால் தள்ளினோம். ஒரு சதம் செலவில்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னேன். பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பயந்தே வீசியவர்களும் இருந்திருக்கிறார்கள்.

அடுத்தது டீ. தேயிலையில் உள்ள தனின் போன்ற பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலில் அகத்துறிஞ்சல் குறையும். பருப்பும் கீரையும் சாப்பிட்டு மேலே பிளேன்டீ குடித்தால் சாப்பிட்ட இரும்பில் நல்ல பங்கு வீண். விற்றமின் சீ இதற்கு எதிர்மாறு வேலை செய்யும். பாதித் தேசிக்காய், ஒரு கொய்யாத் துண்டு போதும். இதைக் கரும்பலகையில் எழுதாமல் ஒரு பரிசோதனையாகக் காட்டினேன். கடும் சாயம் ஊற்றிய கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் இரும்பு மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்கினேன். சிவப்பாக இருந்த தேத்தண்ணி கண்முன்னே மை மாதிரிக் கறுத்தது. பின்வாங்கில் இருந்த பையன்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

“இது வயித்துக்குள்ளயும் நடக்குமா டீச்சர்?”

கிட்டத்தட்ட இதுதான் என்றேன். “அப்ப டீயே குடிக்கக் கூடாதா?” என்று உடனே அடுத்தது. டீயை நிறுத்தச் சொன்னால் கொழும்பில் ஒரு வீட்டிலும் எடுபடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ குடியுங்கள் என்றேன். இதற்குப் பெற்றோரின் அனுமதியோ பணமோ தேவையில்லை.

சீனிக்கு நிறக்குறியீட்டை எடுத்தேன். 2016 ஓகஸ்ட் முதல் இங்கே மென்பானங்களில் சீனி அளவைக் காட்டும் வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். 2019இல் திண்ம உணவுகளுக்கும் உப்பு, சீனி, கொழுப்பு என்று மூன்று குறியீடு வந்தது. பிள்ளைகளை வெற்றுப் பக்கற்றுகளும் போத்தல்களும் கொண்டுவரச் சொன்னேன், குப்பைக்குப் போகிற சாமான்தானே. சிவப்பு வட்டம் உள்ள 200 மில்லிலீற்றர்ப் பானத்தில் ஆகக் குறைந்தது 22 கிராம் சீனி. தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் நாலரைக் கரண்டிக்குக் கிட்ட. ஒரு பையன் கரண்டியால் அள்ளி வெள்ளைத் தாளில் கொட்டினான். அது குவிய வகுப்பு “ஊ” என்றது.

அப்போது முன்வாங்கில் ஒரு குரல்: “எங்க வீட்டு டீக்கு வட்டம் எங்க டீச்சர்?”

என் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. வீட்டு டீக்கு, ஐஸ் பக்கற்றுக்கு, கேற்றடியில் விற்கும் அச்சாறுக்கு ஒரு வட்டமும் கிடையாது. எத்தனை கரண்டி என்று கேட்டேன். மூன்று, சிலர் நான்கு. நாளுக்கு மூன்று தடவை குடித்தால் 45 கிராம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை 50 கிராம், முடிந்தால் 25. போத்தலில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத பிள்ளை வீட்டுக் கோப்பையிலேயே எல்லைக்குக் கிட்டப் போய்விடுகிறது. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைப்போம் என்று வகுப்பே ஒரு ஒப்பந்தம் போட்டது. எத்தனை பேர் காத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் மறுபடியும் பொய்க் கொப்பிதான் வரும்.

கன்ரீன் கணக்கு

கன்ரீன்காரர்மேல் எனக்கு நெடுநாள் கோபம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று அரசாங்க வழிகாட்டல் இருக்கிறது. இருந்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றிஸ், மாலு பாண், பணிஸ். ஒருநாள் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். அவர் ஸ்ரூலை இழுத்துப் போட்டார்.

“டீச்சர், பேக்கரிக்காரன் காலையில கொண்டு வந்து வெச்சிட்டுப் போவான், மிஞ்சினத பகலைக்குத் திருப்பி எடுப்பான். நான் கடலை அவிச்சு மிஞ்சினா யார் எடுப்பா? கேஸும் என்னோடது, நட்டமும் என்னோடது.”

நியாயம். உடம்புக்கு ஆகாத சாப்பாடு விற்கப்பட்டதற்குக் காரணம் அதன் நட்டத்தை வேறொருவர் சுமந்தது. அப்படியானால் கடலையின் நட்டத்தையும் யாராவது சுமக்கவேண்டும். செவ்வாயும் வியாழனும் மட்டும், முதல் நாளே வகுப்பில் பெயர் கொடுத்து, காசும் கட்டிவிடுவது என்று பேசினோம். பெயர் கொடுத்த அளவுக்குத்தான் அவர் அவிப்பார். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்த கடலை, தாளில் சுற்றி. முதல் வாரம் எங்கள் வகுப்பு மட்டும். வாசம் வராந்தாவில் பரவியதும் ஒன்பதாம் தரமும் பெயர் கேட்டது. கடலை விலை ஏறிய மாதத்தில் கௌபிக்கு மாறினோம். ஆண்பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், சம்பல் வைத்ததும் சுளிப்புப் போய்விட்டது.

மற்ற மூன்று நாளும் பழையபடி ரோல்ஸ்தான். மூன்றாம் தவணைப் பரீட்சை வந்ததும் பெயர் எடுக்க ஆளில்லாமல் திட்டம் மூன்று வாரம் நின்றது. பிறகு தொடங்கியது, பழைய வேகம் இல்லை. காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பது தீரவில்லை. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பார்த்தோம், ஆனால் ‘டீச்சர் காசு’ என்று பெயர் விழுந்ததும் இரண்டு பிள்ளைகள் வாங்க மறுத்துவிட்டார்கள். கன்ரீன்காரர் சத்தமில்லாமல் ஒரு வழி கண்டார். காலையில் தேங்காய் துருவ வருகிற இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ‘கூலி’யாக ஒரு சுற்று. பாடசாலைக்குள் பிள்ளை வேலை செய்வதா என்று எனக்கு அது உறுத்துகிறது. நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை.

இடையே ஒக்ரோபர் 16, உலக உணவு தினம். வழக்கம்போல் கண்காட்சி. தர்ப்பூசணியில் செதுக்கிய அன்னம், கரட் ரோசாப் பூக்கள். பரிசளிப்பு முடிந்ததும் அன்னம் குப்பை வாளிக்குப் போனது. அடுத்த ஆண்டு நான் அந்தக் குழுவில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரவுச் சமையல்காரி

‘ராத்திரிக்கு நான்தான் சமைப்பேன்’ என்ற துண்டை வைத்து ஒரு பாடம் செய்தேன், யாருடையது என்று சொல்லாமல். வீட்டில் சமைக்கிறவர்கள் யார் என்று பொதுவாகக் கேட்டேன். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான கைகள் உயர்ந்தன. ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றிலிருந்து அவர்களைச் சமையல்காரர்களாக நடத்தினேன். வீட்டில் இருக்கும் சாமானைச் சொல்லுங்கள், அதற்குள் திருத்துவோம் என்றேன்.

பருப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது. காய்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பைத் தண்ணீராகக் கரைத்துச் சோற்றில் ஊற்றாமல் கெட்டியாக வைத்தால் ஒரு நேரச் சாப்பாட்டின் தரமே மாறும். சந்தையிலிருந்து தகப்பன் கொண்டுவரும் கங்குன் கீரைக் கட்டு வாடிக் கிடந்தாலும் வறைக்குப் போதும். கல்சியத்துக்குப் பாலை விட்டால் வழியில்லை என்று நினைத்திருந்தார்கள், புத்தகம் அப்படித்தான் ஒலிக்கும். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறோமே, அந்த முள் என்ன? கருவாட்டில் உப்பு அதிகம், கொஞ்சநேரம் ஊறவைத்துக் கழுவவேண்டும் என்றும் சொன்னேன். “ஊறவெச்சா முறுகாது டீச்சர்” என்றாள் அந்தத் துண்டை எழுதிய பிள்ளை. பிழிந்து, துணியில் ஒற்றி, பிறகு போட்டால் முறுகும் என்று வகுப்புக்கு விளக்கினாள். அன்றுதான் அவள் குரலை வகுப்பு முழுதாகக் கேட்டது.

ஆண்டிறுதி வினாத்தாள் வெளியிலிருந்து வந்தது. ‘சமநிலை உணவுவேளை ஒன்றைத் திட்டமிட்டு, அதிலுள்ள போசணைகளைக் குறிப்பிடுக.’ 10 புள்ளி. புள்ளித்திட்டத்தில் பால் அல்லது பாலுணவுக்கு மட்டும் 2 புள்ளி ஒதுக்கியிருந்தது. பெரும்பாலான தாள்களில் பால் இருந்தது, அப்பிள்கூட ஒன்றிரண்டு. அந்தப் பிள்ளையின் விடை இப்படி:

‘இரவு. சோறு. பருப்பு கெட்டியாக. கங்குன் வறை, தேசிக்காய் பிழிந்து. நெத்தலி முள்ளோடு (கல்சியம்). டீ எட்டரைக்குப் பிறகு.’

பத்தும் போட்டேன். தாள்களை மீள்பார்த்த பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் பாதிச் சோற்றுப் பார்சல், பக்கத்தில் பிளேன்டீ. “இதில பால் இல்லையே மிஸ், எப்படிப் பத்து?” என்றார். நெத்தலியைக் காட்டினேன். புள்ளித்திட்டத்தையும் விடைத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இதென்ன, டீ எட்டரைக்குப் பிறகு?”

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.